பதினோராவது பாட்டில் நான் கத்தியது

ஜூலை 14, திங்கள்

வெயில். ஜன்னல் திறந்தும் காற்றில்லை. லண்டன் ஸ்ட்ரெதம் முழுக்கத் தார் மணம். வலது தோள் இன்றும் மேலே எழும்பவில்லை. இருபத்தாறு வருசம் பஸ் ஓட்டியது ஒரு பக்கம், அதற்கு முன் மூன்று வருசம் டிரம்ஸ் அடித்தது மறுபக்கம்.

செய்ய வேண்டியவை:
தோளுக்கு மாத்திரை.
கவுன்சிலுக்குப் போன், குளியலறைப் பூஞ்சணம், ஐந்தாவது தடவை.
டூட்டிங் கடையில் விரதக் கறிக்குக் காத்தோட்டிக்காய் எப்போது வரும் என்று கேட்க. ஆடி அமாவாசை 24ஆம் திகதி. அப்பாவுக்கு விரதம்.
ஹன்னாவுக்குப் பதில்.

ஹன்னா ரெக்கோட் கம்பனிப் பிள்ளை. எங்கள் குழுவின் பழைய இசைத்தட்டை, ‘நோ ஹாட் வாட்டர்’, திரும்ப வெளியிடுகிறார்கள். பதினாறு பாட்டு, பத்தொன்பது நிமிடம். ஹார்ட்கோர் பங்க் என்கிற வேகக் கத்தல் இசையில் இந்த நாட்டின் முதல் தட்டுகளில் ஒன்றாம். பிறகு வந்த குழுக்கள் எல்லாம் அதில்தான் வேகம் படித்தனவாம். எனக்குச் சிரிப்பு. ஸ்டூடியோவை நாலு மணிக்கு விடவேண்டும், ஹீட்டர் இல்லை, கை விறைத்தது. அதுதான் வேகம்.

பதினோராவது பாட்டில் நான் தமிழில் கத்துவது என்ன என்று கேட்டு எழுதியிருக்கிறாள். அட்டையில் மொழிபெயர்ப்புப் போடவேண்டுமாம். டேப்பைத் துப்புரவாக்கி எடுத்ததில் குரல் இப்போது நன்றாகத் தெளிந்திருக்கிறதாம். பைல் அனுப்பியிருக்கிறாள். கேட்கவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

கேட்டேன். பாத்ரூம் கதவைப் பூட்டிக்கொண்டு. தனியாக இருக்கிறவன் கதவைப் பூட்டுவானேன்?

ஒவ்வொரு சொல்லும் கேட்கிறது. முந்தி ஒரே இரைச்சல். தமிழ் தெரிந்தவனுக்கும் நாய் குரைத்த மாதிரித்தான் இருந்தது. அந்த நம்பிக்கையில் நாற்பது வருசத்துக்கு மேல் நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கிறேன்.

இது என் கொப்பி. இதில் என்றாலும் எழுதுவோம்.

சிவபாதம் அண்ணையை ஊரில் ஆமி பிடித்துக்கொண்டு போனது. நான் அப்போது இங்கே, வந்து எட்டு மாதம். அதே காம்பிலிருந்து வெளியே வந்த குகன் லண்டன் வந்திறங்கியதும் என்னைத் தேடிவந்து சொன்னான்: “சிவத்தைச் சாக்காட்டிப்போட்டாங்கள். நான் கண்ணால கண்டனான். மச்சாளுக்குச் சொல்லாதை.” மச்சாள் அண்ணையின் மனைவி. வயிற்றில் ஆறு மாதம். பிள்ளை பிறக்கட்டும் என்றான். நானும் ஓம் என்றேன்.

அடுத்த நாள் ரெக்கோடிங். பாடுகிறவன் கொலின் மைக்கை என் பக்கம் தள்ளி, உன் பாஷையில் எதையாவது கத்து என்றான். வேறு என்ன வாயில் வரும்? குகன் சொன்னதை அப்படியே கத்தினேன். கடைசியில் ‘சொல்லாதை, சொல்லாதை’ என்று பதினேழு தடவை.

பிள்ளை பிறந்தது, அபி. அம்மாவுக்கு நெஞ்சுவருத்தம், அம்மா போகட்டும் என்று இருந்தேன். அம்மா போனா. மச்சாளும் பிள்ளையும் லண்டன் வந்தார்கள், கொஞ்சம் காலூன்றட்டும் என்றேன். பிறகு அபியின் சோதனை, கம்பஸ், கலியாணம். நாசமாய்ப் போன ‘-ட்டும்’. மச்சாள் இன்றைக்கும் குங்குமப்பொட்டு வைக்கிறா. ஞாயிறு மத்தியானம் அங்கேதான் எனக்குச் சோறு.

மாலை: ஹன்னாவுக்கு மொழிபெயர்ப்பு அனுப்பினேன். ‘அநியாயத்துக்கு அடிபணியாதே, சுவர்களை உடை.’ நன்றாகத்தான் இருந்தது. தூ.

ஜூலை 17, வியாழன்

கொலினைப் பார்க்க ஆஸ்பத்திரி. தொண்டையில் புற்று. குரல்பெட்டியை எடுத்துவிட்டார்கள். அந்தத் தொண்டையை! சின்ன வெள்ளைப் பலகையில் எழுதித்தான் பேசுகிறான். ஊசி குத்திய கையில் அந்தப் பழைய பச்சைகுத்து: இங்கிலீஷ் எழுத்தில் ‘சொல்லாதை’. தட்டு முதன்முதல் வந்த கிழமையே குத்தியது. பிரேசிலில், ஜப்பானில் எல்லாம் பெடியள் மேடைக்கு முன்னால் நின்று இதைக் கத்துவார்களாம். அர்த்தம் ஒருத்தனுக்கும் தெரியாது. கொலினுக்கும் நான் சொன்னதில்லை.

இன்று சொன்னேன். முழுக்க.

அவன் பலகையை இழுத்து எடுத்தான். பிறகு எழுதினான்: ‘உன் அண்ணன் செத்ததையா நான் மேடைமேடையாகப் பாடினேன்?’ கையாலேயே அழித்தான். திரும்ப எழுதினான்: ‘போய் அவளிடம் சொல். இன்றைக்கே.’

ஞாயிறு போவேன்தானே, அப்போது சொல்கிறேன் என்றேன். பலகையை என் மடியில் எறிந்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

டூட்டிங் இறங்கினேன். மச்சாள் வீடு அந்தக் கடையிலிருந்து நாலு நிமிட நடை. போகவில்லை. காத்தோட்டிக்காய் செவ்வாய்தான் வருமாம்.

ஜூலை 19, சனி

காலை பத்தே கால். அபியின் போன்.

“சித்தப்பா, யூ ஆர் ஃபேமஸ்! உங்கட பாட்டை அவை ஒன்லைன்ல போட்டிருக்கினம். யங்கா இருக்கேக்க எடுத்த போட்டோவோட. எவ்வளவு முடி!”

“எந்தப் பாட்டு?”

“தமிழ்ப் பாட்டு. எனக்குப் பாதி விளங்கேல்ல. அம்மாவுக்குப் போட்டுக் காட்டப்போறன்.”

“போடாதை அபி. நான் வாறன். நான் வந்தாப்பிறகு போடு.”

“சர்ப்ரைஸ், சித்தப்பா!” கட் பண்ணிவிட்டாள்.

திரும்ப எடுத்தேன், ஆறு தடவை. எடுக்கவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். எல்லாச் சிவப்பு விளக்கும் எனக்கென்றே விழுந்தது. டிரைவரை வாய்க்குள் ஏசினேன், நானே அந்த ரோட்டில் இருபத்தாறு வருசம் ஊர்ந்தவன்.

கதவு திறந்தே கிடந்தது. மச்சாள் குசினி மேசையில். முன்னால் அபியின் போன். பாட்டு முடிய முடியத் திரும்பத் தட்டுகிறா. நான் நிற்க மூன்று தடவை. என் இருபது வயதுக் குரல் அந்தக் குசினிக்குள்.

அபி சுவரோடு. “ஏதோ ஸ்லோகன் எண்டெல்லே சித்தப்பா கீழ எழுதிக்கிடக்கு?”

மச்சாள் போனைக் கவிழ்த்து வைத்தா. “ஆர் சொன்னது?”

“குகன்.”

“எப்ப?”

“அபி பிறக்க முந்தி.”

“நான் இவரின்ர படத்தைத் தூக்கிக்கொண்டு காம்ப் காம்பா அலைஞ்சது தெரியுமோ?”

“ஓம் மச்சாள். எழுதினனீங்கள்.”

“தேடுங்கோ, கட்டாயம் கிடைப்பார் எண்டு எனக்குப் பதில் போட்டது ஆர்?”

“நான்தான்.”

அழுதிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அழவில்லை. அரைத்து வைத்த உழுந்தை எடுத்து ஃபிரிட்ஜுக்குள் வைத்தா. “போங்கோ” என்றா, அந்நியனுக்குச் சொல்கிற மாதிரி. இத்தனை வருசமும் ‘தம்பி, நீர்’ என்று கூப்பிட்டவ.

ஜூலை 20, ஞாயிறு

மழை தூறல். மத்தியானம் பாண், செமன் மீன் டின். பாதியை எறிந்தேன். கொலினுக்கு மெசேஜ்: ‘தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை.’ பார்த்திருக்கிறான்.

ஜூலை 22, செவ்வாய்

கவுன்சில் ஆள் வந்து பூஞ்சணத்தைப் படம் எடுத்தான். படம் எடுத்தால் போய்விடுமாக்கும்.

அந்தப் பாட்டைக் கழற்றச் சொல்லி ஹன்னாவுக்குப் போன். தட்டு அடித்தாயிற்றாம், அட்டையும் அச்சாயிற்றாம், மன்னிக்கட்டாம். என் பொய் மொழிபெயர்ப்போடு கடைக்குப் போகிறது.

பி.ப. 3. மச்சாள் போன் எடுத்தா. அவசரத்தில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டேன்.

“திதி தெரியுமோ?”

“ஆனி. பூரணைக்கு அடுத்த நாள்.”

பேனை கீறும் சத்தம் கேட்டது.

“அப்ப இந்த வருசத்தது போச்சு. எனக்கு ஆம்பிளைப் பிள்ளை இல்லை. தர்ப்பணத்துக்கு நீங்கள்தான் நிக்கவேணும் எண்டு ஐயர் சொல்லுறார். வியாழக்கிழமை கோயிலுக்கு வாங்கோ. இவருக்குக் குடுங்கோ. அதுக்குப் பிறகு வீட்டுப் பக்கம் வரக்கூடாது.”

“மச்சாள்…”

“கூப்பிடாதேங்கோ அப்பிடி.”

ஜூலை 24, வியாழன். ஆடி அமாவாசை

அதிகாலை குளிப்பு. வேட்டி நாலு முழம், பையில் கொண்டுபோய் அங்கே கட்டினேன். கோயில் பின்மண்டபம், நீல பிளாஸ்டிக் விரிப்பு, ஆளுக்கொரு பேப்பர் தட்டம். எள், தண்ணி, தர்ப்பை. முப்பது நாற்பது ஆம்பிளைகள் அவரவர் அப்பனுக்கு.

மச்சாள் கதிரையில், எனக்குப் பின்னால். முழங்கால் ஏலாது. வெள்ளைச் சேலை இல்லை, சாம்பல் நிறம். நெற்றியில் திருநீறு மட்டும். பொட்டு இருந்த இடம் தோல் வெளுத்துக் கிடந்தது. ஒருதரம்தான் பார்த்தேன். பக்கத்தில் அபி, சாப்பிடாமல் வந்திருக்கிறாள், தன் அப்பாவுக்கு முதல் விரதம். என்னைப் பார்க்கவில்லை.

அப்பாவின் பெயர் சொன்னேன். எள்ளும் தண்ணியும் விட்டேன்.

“வேற ஆருக்கு?” ஐயர்.

“அண்ணைக்கு.”

“பேர்?”

வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. ஐயர் காதைக் கிட்டக் கொண்டுவந்தார். “பேர் என்ன?” தண்ணி கையிலிருந்து விரல் வழியே ஒழுகிக்கொண்டிருந்தது. பக்கத்திலிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

மச்சாள் புருசனின் பெயரை ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை.

“கத்துங்கோ” என்றா பின்னாலிருந்து. “அண்டைக்குக் கத்தினனீங்கள்தானே. கத்துங்கோ.”

கத்தினேன். சிவபாதம். மண்டபமே திரும்பியது. எங்கேயோ ஒரு குழந்தை பயந்து அழுதது.

ஐயர் கையில் திரும்பத் தண்ணி விட்டார். மூன்று தரம் சொல்லவேணும் என்றார்.