கரி படிந்த விரல்கள்

தாய்க்குத் தாயாக இருந்த என் மதினிக்கு,

செல்வியின் பேத்தி பால்வாடிக்குப் போகிறாள். நேற்று யானைக்கு ஊதாக் கலர் அடித்துக்கொண்டு வந்து நீட்டினாள். உங்க ஞாபகம் வந்துவிட்டது.

எமர்ஜென்சி முடிந்த சமயம். மலை மேலே ஏலக்காய் எஸ்டேட்டில் நீங்க பிள்ளைக் காப்பகத்து ஆயா. நான் ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் அடுப்புக்கு விறகு போடுகிறவன். என் மகள் செல்விக்கு நாலு வயசு. காய்ச்சலில் பிழைத்ததிலிருந்து வலது கை துவண்டு கிடந்தது. சோற்றை அள்ளினால் பாதியிலேயே சிந்திவிடும். இந்தக் கை இனி எதுக்கு ஆகும் என்று அவள் அம்மா அழாத நாளில்லை.

ஒரு சாயங்காலம் பார்த்தால், பிள்ளையின் விரலெல்லாம் கறுப்பு. காய் எடுக்கிற பொம்பளைகள் விரலில் ஏறுமே, அந்தக் கறை என்று நினைத்துவிட்டேன். ஆள் கூடும் களத்தில், அத்தனை பேர் முன்னால் கத்தினேன்.

"ஏலாத கையை வச்சுக் காய் பறிக்க விட்டீங்களா? அண்ணன் பொண்டாட்டின்னு பார்க்கிறேன்."

நீங்க இடுப்பிலிருந்து ஒரு தாளை உருவினீங்க. பழைய காலண்டரின் பின்பக்கம், நீங்க கோடு போட்ட சேவல். உள்ளே அடுப்புக்கரி, மஞ்சள், இலைச்சாறு.

"கொழுந்தனாருக்குப் புகையில கண்ணு போயிருச்சு. பிள்ளை கலர் அடிச்சிருக்கா. மொத நாளு கரி கையில நிக்கல. இன்னைக்குக் கோட்டைத் தாண்டாம நிப்பாட்டுறா, பாருங்க."

'கொண்டைக்கு என்ன கலர், வாலுக்கு என்ன கலர்' என்று நீங்க கேட்டுக் கேட்டே, பேசாத பிள்ளைக்கு வாயும் திறந்ததாம். அடுத்த பிள்ளை மஞ்சளைத் தொட்டு முடிக்கும்வரை பொறுத்திருக்கவும் பழகினாளாம். எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்?

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். மறுநாள் மெல்லிசுக் கரியாகப் பொறுக்கி, ஒரு கூடை உங்க வாசலில் வைத்தேன். அதையே மன்னிப்பாக எடுத்துக்கிட்டீங்களா மதினி? நீங்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மழை ஓய்வதற்குள் செல்வி தானே பிசைந்து சாப்பிட்டாள். இப்போது நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவதும் அவள்தான். எனக்கேது எழுத்து? "வெரசாச் சொல்லாதீங்கப்பா, கை வலிக்குது" என்கிறாள்.

உங்க வருசத் திதிக்கு எஸ்டேட்டுப் பழைய ஆட்கள் ஜீப்பு பிடித்து நம்ம ஊர் சிலமலைக்கு வருகிறார்கள். அன்றைக்கு நான் கத்தியதைக் கேட்டவர்களில் ஆறேழு பேர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை உட்காரவைத்து, அதே சத்தத்தில் சொல்வேன்: என் மதினி மேல் ஒரு தப்பும் இல்லை.

உங்க கொழுந்தன்,
பெருமாள்