நாலாவது மாடியிலேயே நிறுத்தப்பட்ட பீரோ

அனுப்புநர்:
லிஃப்ட் பழுதுபார்ப்பவர்
(சில வாரங்களாக எல்லோராலும் 'பீரோ' என்று அழைக்கப்படுபவர்),
ஐந்தாவது மாடி, பின்பக்க வீடு,
தபால் நிலையத்துக்கு எதிர்க் கட்டடம்.

பெறுநர்:
சமுதாயக் கூடப் பொறுப்பு அலுவலர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: சனிக்கிழமைத் திரைப்பட ரசிகர் வட்டத்தில் நான் சிபாரிசு செய்த படம் ஆரம்பித்த சூட்டோடு நிறுத்தப்பட்டது – என் மைத்துனர் கை தூக்கியதன் நோக்கத்தை விசாரிக்கக் கோருவது – தொடர்பாக.

பார்வை: இல்லை. யாரும் பார்க்கவில்லை என்பதுதான் புகாரே.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் பொறுப்பில் உள்ள சமுதாயக் கூடத்தில், சனிக்கிழமை மாலைகளில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் படம் பார்க்கும் வட்டம் ஒன்று நடந்துவருவது தாங்கள் அறிந்ததே. அதைத் தொடங்கியவர்கள் நானும் என் மைத்துனரும். மைத்துனர் என்றால் என் மனைவியின் அண்ணன். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். வாரம் ஒருவர் தமக்குப் பிடித்த படத்தைச் சிபாரிசு செய்வார், மற்றவர்கள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எங்களில் யாருக்கும் குடியோ சீட்டாட்டமோ கிடையாது. எனக்குப் பிடித்ததை உன் தலையில் கட்டுவேன் என்கிற இந்த ஒரு கெட்ட பழக்கம்தான்.

2. வட்டத்தில் ஒரு விதி உண்டு. படம் தாங்கமுடியாமல் போனால் வாயைத் திறக்காமல் கையைத் தூக்கலாம். மூன்று கை உயர்ந்தால் படம் நிறுத்தப்படும். ஓவிய ஆசிரியை ஒருவர் வசனமே இல்லாத படம் ஒன்றைக் கொண்டுவந்து எங்களைப் படாத பாடு படுத்திய மறுநாள், நானும் மைத்துனரும் அவர் கடையில் உட்கார்ந்து யோசித்து உண்டாக்கிய விதி அது. அது எனக்கே ஆப்பு வைக்கும் என்று அன்றைக்கு எனக்கு எப்படி ஐயா தெரியும்?

3. இனி படத்தைப் பற்றி. பெயரை இங்கே எழுதவில்லை, பெயரைச் சொன்னாலே சிரிக்கிறார்கள். கதை இதுதான்: அப்பா இறந்தபின் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஒரு பீரோவை ஐந்தாவது மாடியிலிருந்து கீழே இறக்க வேண்டும். லிஃப்ட் ஓடவில்லை. அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு முனையைப் பிடிக்கிறார்கள். அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. அவ்வளவுதான் ஐயா, முழுப் படமும் படிக்கட்டிலேயே நடக்கிறது. லிஃப்ட் ஏன் ஓடவில்லை என்று முதல் காட்சியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது (கதவு சரியாக மூடவில்லை, ஒரு திருகாணி சமாச்சாரம்). ஆனால் எனக்கு அந்தப் படம் பிடித்தது அதற்காக இல்லை. நான் சுலபத்தில் அழுகிற ஆள் இல்லை. என் கல்யாணத்தில்கூட நான் அழவில்லை, மைத்துனர்தான் விக்கி விக்கி அழுதார். அப்பேர்ப்பட்ட நான் அந்தப் பீரோ தரைத்தளத்துக்கு வந்தபோது துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். இதை யாரிடமாவது காட்டாவிட்டால் மண்டை வெடித்துவிடும் போலிருந்தது.

4. என் முறை எளிதில் வரவில்லை. பேக்கரி உரிமையாளர் ஒவ்வொரு தடவையும் க்ரீம் பன் பெட்டியோடு வந்து, கார் வெடிக்கும் படமாகப் போட்டு என் முறையை விழுங்கிக்கொண்டே இருந்தார். பன்னைக் கையில் வைத்துக்கொண்டு கையைத் தூக்க யாருக்கு ஐயா மனசு வரும்? ஒருவழியாக என் முறை வந்தது. சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன். படத்துக்கு முன் சுருக்கமாக ஒரு முன்னுரை ஆற்றினேன். சுருக்கம் கொஞ்சம் நீண்டுவிட்டதாகப் பிற்பாடு சிலர் குறைபட்டார்கள்.

பீரோ அப்போதுதான் நாலாவது மாடிக்கு வந்து திரும்புகிறது. முதலில் பேக்கரி உரிமையாளரின் கை உயர்ந்தது. அதை எதிர்பார்த்தேன். அடுத்து ஓவிய ஆசிரியையின் கை. இந்த அம்மாளின் வசனமில்லாப் படத்தைக் கொட்டாவியை அடக்கிக்கொண்டு கடைசிவரை பார்த்தவன் நான். மூன்றாவதாக, முன்வரிசையில், என் மைத்துனரின் கை. விளக்கைப் போட்டுவிட்டார்கள். படம் நின்றது.

இதை நான் கண்ணால் கண்டேன். திரைக்கு முதுகைக் காட்டி, நாற்காலியைத் திருப்பிப் போட்டு, எல்லோர் முகத்தையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். சிபாரிசு செய்தவன் படத்தைப் பார்க்கமாட்டான், பார்க்கிறவர்கள் முகத்தைத்தான் பார்ப்பான் என்பது தங்களுக்கும் தெரிந்திருக்கும்.

5. மைத்துனர் தரப்பு விளக்கம் என் மனைவி மூலமாக வந்தது. ஃபேனைக் கூட்டி வைக்கச் சொல்லித்தான் கை தூக்கினாராம். ஐயா, அந்தக் கூடத்தில் ஃபேன் ஓடுவதே இல்லை. அதற்கும் நான் தனியாக ஒரு மனு கொடுத்திருக்கிறேன், பதில் வரவில்லை. ஓடாத ஃபேனை எப்படிக் கூட்டுவது?

அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சு இல்லை. அவர் சொல்வது போனில் சமையலறைக்கு வரும், அங்கிருந்து என் மனைவி வீட்டுக் கூடத்தில் இருக்கும் என்னிடம் கொண்டுவருவாள். நான் சொல்வது அதே வழியில் திரும்பிப் போகும். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "நீங்களும் எங்க அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு என்னையே தூக்கிக்கிட்டுப் படி இறங்குங்க, உங்க படத்தைப் போட்ட மாதிரியே இருக்கும்" என்று கரண்டியைத் தட்டில் போட்டாள்.

மானத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். படம் முடிந்தபின் அவருடைய ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றுகொண்டு, "அந்தக் காட்சி எப்படி?" என்று மணிக்கணக்கில் பேசுவோம். அந்தப் பேச்சுக்காகத்தான் நான் படமே பார்த்துவந்தேன் என்பது இப்போதுதான் தெரிகிறது. அவர் இல்லாமல் வீட்டில் ஒரு படம் போட்டுப் பார்த்தேன். முடிந்ததும் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். அதில் துவைத்த துணி கிடந்தது. எனக்கு ரொம்பக் கஷ்டமாகப் போய்விட்டது.

6. ஆகவே, (அ) மேற்படி மூன்றாவது கை படத்துக்கு எதிராக உயர்ந்ததா, ஃபேனுக்காக உயர்ந்ததா என்று நேரில் வந்து விசாரிக்கும்படியும், (ஆ) கூடத்துக்குள் க்ரீம் பன் கொண்டுவருவதைத் தடை செய்யும்படியும்

7. ஐயா, இவ்வளவு எழுதிக்கொண்டிருக்கும்போதே அழைப்பு மணி அடித்தது. வாசலில் மைத்துனர். கண் இரண்டும் சிவந்திருந்தன. கண்ணாடிக் கடைக்காரருக்கே கண்வலி போலிருக்கிறது என்று நினைத்தேன். கையில் என்னுடைய பென்டிரைவ். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மனைவி அதை அண்ணன் வீட்டில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

செருப்பைக்கூடக் கழற்றாமல் அவர் கேட்டார்: "மாப்ளே, மூணாவது மாடியில பெரியவன் ஏன் பீரோவைக் கீழ வச்சிட்டு உட்கார்றான்?"

இந்தக் கேள்வியை ஒரே ஒரு ஆளாவது கேட்கமாட்டாரா என்று ஏங்கிக்கொண்டிருந்தேன் ஐயா. தம்பிக்குக் கை வலிக்கிறது, அதை அவன் வாய்விட்டுச் சொல்லமாட்டான், அதனால்தான் அண்ணன் தனக்கு மூச்சு வாங்குவதாகப் பாவனை செய்கிறான் என்றேன். இல்லவே இல்லை, கீழே போய்ச் சேர்ந்துவிட்டால் ஆளுக்கொரு பக்கம் போய்விட வேண்டியதுதானே, அதைத் தள்ளிப்போடத்தான் உட்கார்ந்தான் என்கிறார் அவர். இது சுத்த அபத்தம். சத்தம் கேட்டுக் கீழ்வீட்டார் வந்து எட்டிப் பார்த்தார்கள். போட்ட டீ ஆடை கட்டிக் கிடந்தது. மனைவி இரண்டாவது தடவை டீ போட்டாள்.

போகிற போக்கில் உண்மையும் வெளிவந்துவிட்டது. "ஃபேனும் இல்ல, ஒண்ணும் இல்ல. படத்துக்காகவும் கை தூக்கல, மாப்ளே. நீங்க பேசின முன்னுரை தாங்கல, அந்தக் கடுப்புலதான் தூக்கினேன்" என்றார். மனைவி சமையலறையிலிருந்து ஆமாம் என்றாள்.

8. எனவே ஆறாவது பத்தியில் (அ) வாபஸ் பெறப்படுகிறது. (ஆ) அப்படியே இருக்கட்டும். மனுவைக் கிழித்துவிட்டு வேறு எழுதியிருக்கலாம். ஆனால் நன்றாக வந்திருப்பதாக மைத்துனர் சொல்வதால் இதையே அனுப்புகிறேன்.

இப்போது நாங்கள் இருவரும் சேர்ந்து கேட்டுக்கொள்வது இதுதான். வரும் சனிக்கிழமை பீரோ படத்தைத் தொடக்கம் முதல் கடைசிவரை திரையிட உத்தரவிட வேண்டும். அன்று ஒருநாள் கை தூக்கும் விதி செல்லாது என்று அறிவிக்க வேண்டும். முன்னுரை கிடையாது என்று நான் எழுத்துமூலம் உறுதி தருகிறேன். முக்கியமாக, தாங்களே நேரில் வந்து படத்தைப் பார்த்து, மூன்றாவது மாடி விவகாரத்தில் யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். நாலாவது மாடி வரை கொஞ்சம் மெதுவாகத்தான் போகும், பொறுத்தருள வேண்டும். அதற்குப்பிறகு தயவுசெய்து போனை எடுக்க வேண்டாம். ஏன் என்று இப்போது சொல்லமாட்டேன்.

தங்களுக்கு முன்வரிசையில் நடு நாற்காலி ஒதுக்கப்பட்டுள்ளது. ஒருபக்கம் நானும் மறுபக்கம் மைத்துனரும் இருப்போம். எங்களைத் தாங்கள் பொருட்படுத்த வேண்டாம். தாங்கள் திரையைப் பாருங்கள், நாங்கள் தங்கள் முகத்தைப் பார்த்துக்கொள்கிறோம்.

இடம்: என் வீட்டுச் சாப்பாட்டு மேசை
நாள்: ஞாயிறு, இரண்டாவது டீக்குப் பின்

இப்படிக்குப் பணிவுடன்,
லிஃப்ட் பழுதுபார்ப்பவர் (ஒப்பம்)

மறுமுனையைப் பிடித்தவர்:
மைத்துனர் (ஒப்பம்)

இணைப்பு: பென்டிரைவ் ஒன்று. அவசரமிருந்தால் சனிக்கிழமைக்கு முன்பே பார்த்துவிடலாம். பார்த்ததும், எந்த நேரமானாலும், ஒரு போன் செய்யவும்.