புள்ளி இல்லாத நாட்கள்

ஏப்ரல் 8, புதன், இரவு

காலையில் என் வீட்டுக்காரருடைய விசைப்படகின் சத்தம் கடலில் தேய்ந்ததிலிருந்து வீடே தண்ணீரில் மிதப்பதுபோல் இருக்கிறது. கண்ணை மூடினால் நான் அடியில் பாசியோடு அசைகிறேன். யார் குரலும் அங்கே இறங்குவதில்லை. குழந்தை ஜெனி வயிறு நிறையப் பால் குடித்துவிட்டுத் தூங்குகிறாள்.

மத்தியானம் நர்ஸ் அக்காவிடம் காலண்டரைக் கொண்டுபோய்க் காட்டினேன். தலைவலி வரும் நாட்களில் புள்ளி வைக்கச் சொல்லியிருந்தார். உப்புக்காற்றுதான் காரணம் என்று நினைத்திருந்தேன். அக்கா புள்ளி இல்லாத நாட்களை விரலால் தொட்டுக்கொண்டே போனார்.

"திங்கள், புதன், சனி. போட்டு கடலுக்குப் போற நாளாவுல்ல இருக்கு. வீட்ல அடிக்கிறாராம்மா?"

"இல்லக்கா. கை நீட்டினதே இல்ல."

அது உண்மைதான். பேச்சு மட்டும்தான். நேற்றுகூடச் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு, "காலேஜ் போனவ வச்ச கொழம்பு கடத்தண்ணியாத்தான் இருக்கும். பாவம் பாத்து ஒன்னயக் கட்டுனேன் பாரு" என்றார். கொழுந்தன் சிரித்தான். நானும் சிரித்தேன். அப்புறம் தலை தெறித்தது. ஜெனி சப்பிச் சப்பி அழுதாள், பால் இறங்கவே இல்லை.

அக்காவிடம் இதையும் சொல்லிவிட்டேன்.

"பேச்சும் ஒடம்புக்குள்ள போகும் புள்ள. மறைக்காம வா, பேசுவோம்" என்றார்.

அடுத்த புதன் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது. இரண்டு மாதம் படகு கரையிலேயே கிடக்கும். மே மாதத் தாளைத் தூக்கிப் பார்த்தேன், எல்லாக் கட்டமும் வெள்ளையாக இருந்தது. அத்தனையும் புள்ளியாகிவிடுமோ என்று பயமாக இருந்தது. தாளை இறக்கிவிட்டு, தடை தொடங்கும் அந்தப் புதன் கட்டத்தில், புள்ளி வைக்கும் அதே பேனாவால், 'அக்காவைப் பார்க்க' என்று சின்னதாக எழுதினேன்.

ஜெனி தூக்கத்தில் சப்புக்கொட்டுகிறாள். பால் சுரந்து நைட்டி நனைகிறது.