வளைவுப் பாறைக்கு இருபத்தைந்து நிமிடம்

ஜூலை 30, செவ்வாய். இரவு 11.50.

எடுத்த படங்கள் நான்கு. உருப்பட்டது பூஜ்யம்.

அக்காபா நகரத்து ஓட்டல்களில் ஏசி பழுது பார்க்கிற வேலைக்குப் பத்து நாள் விடுப்பு போட்டுவிட்டு ரம் பாலைவனத்துக்கு, சொந்த ஊருக்கு, வந்தது இதற்கா? இரவில் பாறைகளைப் படம் எடுக்க வருகிறவர்களுக்கு வழிகாட்ட ஒரு சுற்றுலா நிறுவனம் ஆள் தேடுகிறது. பாறையும் நட்சத்திரமும் ஒரே படத்தில், ஒட்டுவேலை இல்லாமல், ஆகஸ்ட் 8 நண்பகலுக்குள் அனுப்ப வேண்டும். கிடைத்தால் ஏசிக்கு முழுக்கு.

ஷட்டர் இருபத்தைந்து நிமிடம் திறந்திருந்தால்தான் நட்சத்திரம் கோடாக ஓடும். நடுவில் டார்ச்சை ஆட்டி ஆட்டி, பாறைக்குச் சுண்ணாம்பு அடிப்பது போல வெளிச்சம் பூச வேண்டும். வளைவுப் பாறைக்குப் பூசினேன். ஒன்பதாவது நிமிடம் முத்லக் மாமாவின் பிக்கப், எல்லா விளக்கும் எரிய, கேமராவுக்கு எதிரே.

“எங்கடா மாட்டிக்கிச்சு வண்டி?”

“மாட்டல மாமா. பாறையைப் படம் எடுக்கறேன்.”

“இருட்டுலயா? பகல்ல அது எங்க போயிடுது?”

பாறையில் வெளிச்சம் அலைந்தால் யாரோ மணலில் புதைந்து கிடக்கிறார் என்று அர்த்தம். பார்த்தவர் போயே ஆக வேண்டும். போனவர் டீ போடாமல் திரும்பினால் அவமானம். டீ என்றால் விறகு, விறகு என்றால் தீ. தீ எரிகிற இடத்தில் நட்சத்திரமாவது மண்ணாவது. நான்கு படம், நான்கு வண்டி, நான்கு கெண்டி டீ.

ஜூலை 31

அதே. டீ குடித்துத் தூக்கமும் போச்சு.

ஆகஸ்ட் 2, வெள்ளி

தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் முன்னால் நின்று எல்லோருக்கும் சொன்னேன். வளைவுப் பாறைப் பக்கம் வெளிச்சம் தெரிந்தால் அது நான். யாரும் வராதீர்கள். தலையாட்டினார்கள். இரவு மூன்று வண்டி வந்தது.

“நீதான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?” என்கிறார் மாமா. “நீன்னு நெனச்சு நாங்க தூங்கி, அங்க வேற எவனாவது தண்ணியில்லாம கெடந்தா?”

“ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நான்தான்னு போன்லயும் சொன்னேனே!”

“போன் பேசற நெலமையில இருக்கறவன் எதுக்குடா டார்ச்ச ஆட்டறான்?”

அவர் சொல்வது சரி. எரிச்சலே அதுதான்.

ஆகஸ்ட் 3

அறிவியல் ரீதியாக அணுகினேன். டார்ச்சில் பச்சைக் காகிதம் ஒட்டினேன். மனிதர் யாரும் பச்சை வெளிச்சம் காட்டி உதவி கேட்பதில்லை.

ஐந்து வண்டி. ஏதோ ஜின், பாலைவனத்துப் பூதம், என்று நினைத்தார்களாம்.

“ஜின்னுன்னு நெனச்சா பயந்து வீட்லயே இருக்க வேண்டியதுதானே!”

மாமா கெண்டியை அடுப்பில் வைத்தபடி, “ஜின்னா இருந்தா என்ன? மணல்ல மாட்டியிருந்தா தள்ளிவிட்டுட்டு வர வேண்டியதுதான்.”

ஆகஸ்ட் 5

கத்திவிட்டேன். இருபத்திரண்டாவது நிமிடம். இன்னும் மூன்றே நிமிடம். மாமாவின் விளக்கு.

“உங்களாலதான் என் பொழப்பே போகுது. ஆயுசு பூரா ஓட்டல் கூரையில கெடந்து சாகறேன், போதுமா?”

மாமா கெண்டியைத் திரும்ப வண்டியில் வைத்தார். டீ போடாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். டீ போடாமல்!

அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். “உன் ஒரு படத்துக்கு ஊரே குருடாகணுமா? அண்ணன் வந்து சாப்பிடாம போயிருக்கார்” என்றாள். சாப்பாடு எங்கே வந்தது இதில்?

ஆகஸ்ட் 6

மாமா வந்தார். என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னார்: “வீடு வீடாப் போயி சொல்லிட்டேன். நாளைக்கு என்ன வெளிச்சம் தெரிஞ்சாலும் ஒருத்தனும் வரமாட்டான். என் பொறுப்பு.”

ஆகஸ்ட் 7, புதன். இல்லை, விடிந்தால் எட்டு.

இன்னும் தூக்கம் வரவில்லை. சிரிப்பாலா கோபத்தாலா தெரியவில்லை.

10.40க்கு ஷட்டரைத் திறந்தேன். யாரும் வரவில்லை. அப்படி ஒரு இருட்டை நான் பார்த்ததே இல்லை. பாறைக்குப் பூசி முடித்தேன். பதினெட்டாவது நிமிடம் எதற்கோ திரும்பினால், எனக்குப் பின்னால், தூரத்துப் பாறையில் ஒரு வெளிச்சம். ஆடுகிறது. மேலே, கீழே, மேலே.

சுற்றுலாப் பயணியாக இருக்கும். போன் விளக்காக இருக்கும். ஏழு நிமிடம்தானே, யார் சாகப் போகிறார்கள்? ஊரில் யாராவது பார்த்து - இல்லை. பார்த்தாலும் வர மாட்டார்கள். வராதே என்று சொல்லியாயிற்று. எனக்காக.

வண்டியைக் கிளப்பினேன். பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு போக ஒரே வழி, வளைவுப் பாறைக்கு முன்னால். விளக்கைப் போடாமல் போனால் கல்லில் மோதிச் சாவேன். போட்டேன். என் படத்துக்குக் குறுக்கே நானே போனேன்.

அங்கே மாமா. தனியாக. ஒரு கல் மேல் நின்று, இரண்டு கையாலும் பெரிய டார்ச்சைப் பிடித்து, வேர்த்து வழிய, பாறைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்.

“மாமா! என்ன ஆச்சு?”

“நீ ஏன்டா இங்க வந்த? படம்?”

“நீங்க என்ன பண்றீங்க?”

“உன் டார்ச்சு சின்னது. நானும் கொஞ்சம் பூசிக் குடுக்கலாம்னு... அரை மணி நேரமா கை கழண்டு போகுது.”

“மாமா, இந்தப் பாறை என் படத்துலயே இல்ல. என் முதுகுக்குப் பின்னால இருக்கு.”

மாமா டார்ச்சை அணைத்தார். பிறகு கல்லிலிருந்து இறங்கினார். “அத முன்னாடியே சொல்றதில்ல? அதுக்குன்னு வெளிச்சத்தப் பாத்ததும் இப்படியா ஓடி வருவ? வேலை போச்சேடா, மடையா!”

நான் போய் விறகு பொறுக்கினேன். டீ நான்தான் போட்டேன். சர்க்கரை குறைவு என்றார்.

ஆகஸ்ட் 8, வியாழன். பிற்பகல் 1.

எதுவும் அனுப்பவில்லை. திறந்தபடியே விட்டு ஓடிய கேமராவில் பேட்டரி தீர்ந்துவிட்டது, மறுபடி எடுக்க முடியவில்லை. இனி செய்ய வேண்டியவை:

1. சனிக்கிழமை அக்காபா. நான்காம் மாடியில் ஒழுகும் ஏசி.

2. ஊரில் எல்லோரிடமும் போய், வெளிச்சம் தெரிந்தால் பழையபடி வரச் சொல்ல வேண்டும். இன்றைக்கே.

3. செப்டம்பர் 3 நிலா இல்லாத இரவு. அடுத்த விடுப்பு அப்போது. வேலைக்காக இல்லை, படத்துக்காக.

4. மாமாவைக் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும். எந்தப் பாறை என்று பகலிலேயே கையைப் பிடித்துக் காட்ட வேண்டும்.

5. நாங்கள் இரண்டு பேரும் கேமராவோடு நிற்கும்போது வேறு எங்காவது வெளிச்சம் ஆடினால் யார் போவது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் இரண்டு பேருமே ஓடுவோம்.