கடலில் இறங்குகிறவர்களுக்கு

பெங்களூரு
3.11.2008

அன்புள்ள செழியனுக்கு,

போனில் பேசினால் சண்டையில் முடிகிறது. அதனால் எழுதுகிறேன்.

விண்வெளிக்குப் போனவர்கள் திரும்பும்போது கலம் இடம் தவறிக் கடலில் விழுந்தால், மீட்க ஆள் வரும்வரை உயிரோடு இருக்கத் தேவையானதெல்லாம் ஒரு பையில் வைத்து அனுப்புவார்கள். காற்றடைக்கும் சின்னப் படகு, குடிநீர், விசில், வெயிலைத் திருப்பிக் காட்டும் கண்ணாடி. எங்கள் ஆபீசில் நாங்கள் செய்துவந்த பை தயார். மழைக்காலக் கடலில் ஒரு ராத்திரி இருந்து பார்க்க நானும், கூட வேலை செய்யும் கோபியும் பேர் கொடுத்திருக்கிறோம். துணைக்குக் கப்பல் நிற்கும். பயப்படாதீர்கள்.

கவிநிலாவுக்குச் சளி குறைந்ததா?

உங்கள் மதி

வேங்கிக்கால்
9.11.2008

அன்பு மதிக்கு,

சளி குறைந்துவிட்டது. உன் புடவையைப் போர்த்தினால்தான் தூங்குகிறாள்.

பேர் கொடுக்கும்முன் என்னைக் கேட்டிருக்கலாம். கார்த்திகை தீபம் நெருங்குவதால் எங்கள் கலெக்டர் ஆபீசில் வேலை ஜாஸ்தி. பக்கத்து வீட்டு ராணியம்மாள் அக்காதான் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார். வேறு யாரையாவது அனுப்பச் சொல். எனக்குக் கோபமில்லை மதி, பயம்.

உன் செழியன்

பெங்களூரு
22.11.2008

அன்புள்ள செழியனுக்கு,

நன்றாக இருக்கிறேன். உப்பில் கைத்தோல் உரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இருட்டியதும் படகில் ஓர் ஒட்டு பிரிந்தது. மழையில் கப்பல் எங்களைத் தவறவிட்டது. விடியும்வரை தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தோம். காலையில் ஒரு விமானம் தலைக்கு மேலேயே போயிற்று. “நம்மள பாக்கலக்கா,” என்றான் கோபி. அப்புறம் குளிரில் அவன் உடம்பு விறைத்துவிட்டது. கொஞ்சம் வெயில் எட்டிப் பார்த்ததும் கண்ணாடியைக் காட்டினேன். மீன்பிடிக்க வந்தவர்கள் பார்த்துவிட்டார்கள். கோபி ஆஸ்பத்திரியில் தேறிவருகிறான்.

ஒட்டை மாற்றி ஜனவரியில் மறுபடி இறக்குகிறார்கள். நான் போகிறேன். அது எப்படிப் பிரிந்தது என்று கண்ணால் பார்த்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அவனால் இனி முடியாது. நாளைக்கு யாரோ இந்தப் படகை நம்பி உட்காரப்போகிறார்கள்.

தீபத்துக்கு வர முடியாது. நீங்கள் இருவரும் இங்கே வந்துவிடுங்களேன்.

உங்கள் மதி

வேங்கிக்கால்
30.11.2008

மதிக்கு,

“மேடம் போன படகக் காணலங்க,” என்று உன் ஆபீசிலிருந்து போன் வந்தபோது கவிநிலாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். பாதியில் நிறுத்தினால் கேட்பாளே என்று மிச்சத்தையும் ஊட்டினேன். மறுநாள் மறுபடி போன் அடித்தது. எடுக்கத் தைரியம் வரவில்லை. ராணியம்மாள் அக்காதான் எடுத்தார். “உயிரோட இருக்காளாம்பா,” என்றார்.

நீ செய்வது தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் இன்னொரு தடவை அப்படிக் காத்திருக்க என்னால் ஆகாது. நாங்கள் அங்கே வரவில்லை. பிள்ளையைப் பார்க்க எப்போது வேண்டுமானாலும் வா. அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஜனவரிக்கு முன்னால் உன் ஆபீசில் என் போன் நம்பரை எடுத்துவிட்டு, உன் அண்ணன் நம்பரைக் கொடுத்துவிடு.

செழியன்