கஞ்சி போட்ட பாலே ஷூ

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்

அன்பு மகள் தேவிப்ரியாவுக்கு அம்மா எழுதுவது. காமாட்சி தயவில் நானும் உன் மகள் அபிநயாவும் நன்றாக இருக்கிறோம். மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடி இருக்க வேண்டும். போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, குழந்தையும் பக்கத்திலேயே நிற்கிறாள், அதனால் எழுதுகிறேன். அந்தப் பாலே ஷூவைக் கெடுத்தது அவள் இல்லை, நான்தான்.

சென்னையில் ஷூ வாங்கும்போதே கடைக்காரனோடு எனக்குச் சண்டை. வளர்கிற பிள்ளை, ஒரு சைஸ் பெரிசாகக் கொடு என்றேன், காலோடு ஒட்டி இருந்தால்தான் ஆட முடியும்மா என்று அவன் கொடுக்கவில்லை. வீட்டில் எடுத்துப் பார்த்தால் பழந்துணி மாதிரி துவண்டு கிடக்கிறது. என் மேல் இருந்த கோபத்தில் மட்டமான சரக்கைக் கட்டிவிட்டான் என்று நினைத்துக்கொண்டு, குழந்தை பள்ளிக்கூடம் போனதும் நம் தறியில் பாவு நூலுக்குப் போடுகிற கஞ்சியில் நனைத்து வெயிலில் விறைக்கக் காய வைத்தேன். கஞ்சி போட்டால் எதுவும் நிற்கும் என்பதுதானே நமக்குத் தெரிந்தது. பாதத்தோடு வளைய வேண்டிய ஷூ அது என்று யார் கண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பாலே கிளாஸில் மேல் வகுப்புக்கு டீச்சர் ஆள் எடுத்தார்கள். இவள் கால் மடங்காமல் எல்லார் முன்னாலும் விழுந்தாள். உன் நாத்தனார் சங்கரியும் வந்திருந்தாள், உன் முகூர்த்தப் புடவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பரவாயில்லை என்றாளே, அதே வாயால் சிரித்தாள். ஷூ ஏன் இப்படி விறைத்திருக்கிறது என்று டீச்சர் கேட்டதற்குக் குழந்தை, நான்தான் மிஸ் தெரியாம பண்ணிட்டேன் என்றது. நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன் தேவி, வாயே திறக்கவில்லை. பஸ்ஸில் வரும்போது, அம்மா கேட்டா நீ ஒண்ணும் சொல்லாத ஆயா, அது உன்னத்தான் கத்தும் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். உன்னிடமும் அவள் அப்படியே சொல்லி, நீ அவளைத் திட்டி, கிளாஸே வேண்டாம் என்றபோதும் சும்மா இருந்தேன்.

இது கைக்கு வந்ததும் அவளுக்குப் போன் போட்டு, கிளாஸ் நிற்காது என்று சொல். வரும் ஞாயிறு டீச்சரிடம் நானே சொல்லிவிடுகிறேன், சங்கரி பக்கத்தில் இருந்தாலும் சரி. உங்கள் இருவருக்கும் என் ஆசீர்வாதம். மாப்பிள்ளைக்கு இருமல் விட்டதா, எழுது. புது ஷூவை இந்தத் தடவை அவளே போட்டுப் பார்த்து எடுக்கட்டும், நான் கடைக்கு வெளியே நிற்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
ரேணுகாம்பாள்