இடப்பக்கம் சாய்ந்த வண்டி

என்றைக்கும் 'ஏங்க' என்றே கூப்பிட்டுப் பழகிய என் அன்பானவருக்கு,

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. தென்காசிவரை காற்று சில்லென்று வருகிறது. உங்கள் வண்டி மட்டும் வாசலிலேயே நிற்கிறது. பழைய பஸ்ஸை வாங்கி, கட்டிலும் அடுப்பும் வைத்து நீங்கள் வீடாக்கிய வண்டி. நீங்கள் கண்ணை மூடிய பிறகு நான் அதில் ஏறவே இல்லை. விற்றுவிடலாம் என்று முடிவு செய்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சுரண்டையிலிருந்து ஒருவர் வெள்ளிக்கிழமை பார்க்க வருவதாகச் சொன்னார். இடப்பக்கம் சாய்ந்து நிற்கிற வண்டியை யார் வாங்குவார்? அதற்காக எத்தனை வருஷம் உங்களை ஏசியிருப்பேன்! புளியங்குடியில் வாங்கிய எலுமிச்சம்பழமெல்லாம் இடப்பக்கமே உருண்டு ஓடும். "வண்டிக்கும் வயசாகுதுல்லா, சாயத்தான் செய்யும்" என்று சிரித்து மழுப்புவீர்கள்.

பின்பக்கம் வண்டியைத் தாங்குகிற காற்றுப் பலூன்களில்தான் கசிவு என்று நினைத்தேன். உங்களுக்கு டார்ச் பிடித்து, ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தே பாதி மெக்கானிக் ஆனவள்தானே நான்? உங்கள் தங்கை செல்வியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு நானே இறங்கிவிட்டேன். சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஜாக்கியில் தூக்கி, சட்டத்துக்கு அடியில் கட்டை அடுக்கி, டேங்கில் இருந்த காற்றையெல்லாம் திறந்துவிட்ட பிறகுதான் உள்ளே நுழைந்தோம். "ஏட்டி, ஜாக்கிய மட்டும் நம்பி உள்ள போவாத" என்பீர்களே, அது காதிலேயே இருந்தது. துருப்பிடித்த ஷாக் அப்சார்பர் நட்டுகளோடு ஒரு பகல் முழுக்க மல்லுக்கட்டி, பழைய பலூன்களைக் கழற்றிப் புதுசு மாட்டினோம்.

அப்போதுதான் அந்தச் சின்னக் கம்பிகளைப் பார்த்தேன். பக்கத்துக்கு ஒன்று. வண்டி எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கும். இடப்பக்கக் கம்பி குட்டையாக இருந்தது. மரையில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு. நான் வீடு முழுக்கத் தேடிய நெயில் பாலிஷ்! சாய்வுக்குக் காரணம் சிக்கிவிட்டது என்று இரண்டையும் ஒரே அளவாக்கினேன். புதுப் பலூன்களில் காற்று நிரம்பியதும் வண்டி நேராக நின்றது. எனக்கு ஒரே பெருமை.

ஏறிப் பார்க்கலாமென்று இடப்பக்க வாசலில் கால் வைத்தேன். படி எட்டவில்லை. வலது முழங்கால் மடங்க மாட்டேன் என்றது.

"மதினி, ஒங்களுக்கு மூட்டு வலி வந்த வருஷந்தான வண்டி சாய ஆரம்பிச்சுது?" என்றாள் செல்வி. "அண்ணன் ஒங்களுக்காண்டில்லா எறக்கி வச்சிருக்காவ."

அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். ஏன் என்னிடம் சொல்லவே இல்லை? அத்தனை ஏச்சையும் வாங்கிக்கொண்டு எப்படிச் சிரித்தீர்கள்? சொல்லியிருந்தால், 'நான் என்ன கிழவியா?' என்று சண்டைக்கு வந்திருப்பேன் என்று பயந்தீர்களோ?

மறுநாள் காலையிலேயே திரும்பவும் கட்டை அடுக்கி, காற்றை இறக்கி, கம்பியை உங்கள் சிவப்புக் கோட்டுக்கே கொண்டுவந்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தவர் குனிந்து குனிந்து பார்த்தார். "எல்லாம் புதுசா மாத்தியும் சாயுதே, தாயி?"

"அது அப்படித்தான் நிக்கும், அண்ணாச்சி. வண்டிய குடுக்கல" என்றேன்.

நாளைக்குக் குற்றாலம் போகிறோம். செல்விதான் ஓட்டுகிறாள். நீங்கள் இல்லாத இருக்கையை எப்படிப் பார்க்கப் போகிறேனோ, தெரியவில்லை. ஆனால் அந்தச் சிவப்புக் கோட்டை இனி யாரையும் தொட விடமாட்டேன். எலுமிச்சம்பழம் உருண்டால் உருளட்டும். ஏச மாட்டேன், சத்தியம்.

இப்போதும் வலிக்காமல் படி ஏறுகிற,
உங்கள் வீட்டுக்காரி
பாக்கியம்